சொந்தமாக ஒரு காதல் பாட்டு: காரைக்குடி வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர்ப் பக்கம் சொந்தப் பாட்டுப் போட நினைக்கிற பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். மெட்டுப் போடுவதிலிருந்து யூடியூபில் ஏற்றிய பிறகு வரைக்கும் திரும்பத் திரும்ப வருகிற சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்டபடியே தொகுத்திருக்கிறோம். சினிமாவுக்காக இல்லாமல் தனியாக வெளியிடுகிற காதல் பாட்டுக்கான பதில்கள் இவை.

இதுக்கெல்லாம் மெட்ராசுக்குப் போயே ஆகணுமா?

வேண்டியதில்லை. ஏ.வி.மெய்யப்பன் 1940களில் தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ போட்டுப் படமே எடுத்திருக்கிறார். கண்ணதாசன் பிறந்த சிறுகூடல்பட்டி இங்கிருந்து கூப்பிடு தூரம். இன்றைக்கு ஒரு லேப்டாப், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி), ஒரு கண்டென்சர் மைக், மூடிய ஹெட்போன் இருந்தால் குரல் பதிவு இங்கேயே முடியும். மிக்ஸிங்கை மட்டும் கை தேர்ந்தவரிடம் கொடுங்கள். அதற்கும் ஃபைல்களை அனுப்பினால் போதும், ஆள் போக வேண்டாம்.

மொதல்ல மெட்டா, வரியா?

இரண்டு வழியும் உண்டு. ஆனால் முதல் பாட்டுக்கு மெட்டு முதலில் வரட்டும். கேட்பவர் மனதில் முதலில் ஒட்டுவது மெட்டுதான், வரி அதன்மேல் ஏறி உட்காரும். மெட்டைப் போனில் முணுமுணுத்துப் பதிந்துகொள்ளுங்கள். மறுநாள் காலையில் அதைக் கேட்காமலே பாட வருகிறதா என்று பாருங்கள். வராத மெட்டுக்கு வரி எழுதி நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

பிறகு மெட்டைத் தத்தகாரமாக எழுதுங்கள். உதாரணமாகப் பல்லவி முதல் அடி "தானம் தன்னா தானனம் தானம்" என்று வந்தால், "நீயும் வந்தா வாசலும் பேசும்" என்ற வரி அதில் அச்சாக உட்காரும். நெடில் இருக்கிற இடத்தில் நெடில், குறில் இருக்கிற இடத்தில் குறில், ஒற்று இருக்கிற இடத்தில் ஒற்று. எழுதுபவரும் மெட்டுப் போடுபவரும் வேறு வேறு ஆட்கள் என்றால் இந்தத் தாளைக் கையில் கொடுத்துவிடுங்கள், பாதிச் சண்டை குறையும்.

பேப்பர்ல நல்லாத்தான் இருக்கு, பாடுனா வேற அர்த்தம் வருதே?

காரணம் மாத்திரை. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை. மெட்டு நீள்கிற இடத்தில் குறிலை வைத்தால் பாடகர் அதை இழுத்தே ஆக வேண்டும். மேலே சொன்ன அடியில் "நீயும்" என்பதை எடுத்துவிட்டு "மனம் வந்தா" என்று போட்டுப் பாடிப் பாருங்கள். "மானம் வந்தா" என்று கேட்கும். இப்படித்தான் மலை மாலையாகும், படம் பாடமாகும். திருத்தம் பாடகர் கையில் இல்லை, வரியை மாற்ற வேண்டும்.

நீட்டி நிறுத்துகிற சுரத்துக்கு ஆ, ஏ, ஓ வருகிற சொல்லாகத் தேடுங்கள். வா, நீயே, போதுமே போன்றவை மேல் சுரத்திலும் தொண்டையை இறுக்காது. "உனக்கு", "எனக்கு" என்று குற்றியலுகரத்தில் முடிகிற சொல்லை நீட்டவே முடியாது. ஒற்றிலும் வேறுபாடு உண்டு. க், ட், ற் போன்ற வல்லின ஒற்றை நீட்டினால் மூச்சு அடைத்து மௌனம்தான் வரும், அதைத் தாளக் கட்டுக்குப் பயன்படுத்துங்கள். ம், ன், ல் நீட்ட நீட்ட ஒலிக்கும், அது மெலடிக்கு. காதல் பாட்டில் "ம்" என்று முடிகிற அடிகள் இதமாகக் கேட்பதற்கு இதுதான் காரணம்.

எதுகை, மோனை, இயைபு எல்லாம் இதற்குப் பிறகு. இயைபுக்காக அர்த்தமில்லாத சொல்லைக் கொண்டுவந்து ஒட்டினால் கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

எத்தனை நிமிஷம் இருக்கணும்? ரெண்டு சரணம் கட்டாயமா?

மூன்று முதல் நாலு நிமிடம் போதும். முன்னிசை 8 முதல் 10 விநாடிக்குள் முடிந்து குரல் வந்துவிடட்டும். நிமிடத்துக்கு 90 தட்டில் போகிற நாலடித் தாளத்தில் நாலு ஆவர்த்தம் (தாளச் சுற்று) என்பது சுமார் பத்தரை விநாடி. அதற்கு மேல் முன்னிசை போனால் பலர் குரலைக் கேட்காமலே போய்விடுகிறார்கள். ஒரு சரணம் நன்றாக அமைந்தால் இரண்டாவது தேவையில்லை. இரண்டாவதில் காதல் அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தால் மட்டும் வையுங்கள்.

நம்ம ஊரு பேச்சுல எழுதுனா வெளியூர்க்காரங்களுக்குப் புரியுமா?

ஒன்றிரண்டு சொல் புரியாவிட்டாலும் பாட்டு கெடாது. வளவு (நடுமுற்றப் பகுதி), பட்டாலை, முகப்பு என்று செட்டிநாட்டு வீட்டின் பகுதிகளைச் சொல்லும் சொற்கள் கேட்கவும் அழகு, வீடியோவில் பார்த்தால் விளங்கியும் விடும். ஆனால் ஊர் வழக்கை அரைகுறையாகத் தொட்டால் உள்ளூரிலேயே பாட்டு நிற்காது.

அடிக்கடி நடக்கிற இரண்டு தவறுகள். நகரத்தார் வழக்கில் பொதுவாக ஒரே கோயில் என்றால் பங்காளி முறை. காதலன் காதலி இருவரையும் "ஒரே கோயில் புள்ளி" (புள்ளி என்றால் குடும்பம்) என்று வரியில் பெருமையாகப் போட்டால் அண்ணன் தங்கை ஆகிவிடும். அடுத்தது கழுத்துரு. அது திருமணத்திலும் அறுபதாம் கல்யாணத்திலும் பூணுவது. கல்லூரிப் பெண்ணாக வருகிறவருக்கு நகை அழகாக இருக்கிறதே என்று அதை மாட்டிவிட்டால் ஆச்சிமார் கோபப்படுவது நியாயம். கண்டாங்கிச் சேலை போதும், அது எல்லோரும் உடுத்துவது.

என் குரலுக்கு எந்தச் சுருதி எடுக்கணும்?

பல்லவியின் உச்ச சுரத்தை வைத்து முடிவு செய்யுங்கள். தொண்டை கட்டாமல் நீங்கள் தொடக்கூடிய உச்சத்துக்கு ஒரு சுரம் கீழே அது நிற்க வேண்டும். ஆண்கள் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு கட்டை, பெண்கள் ஐந்து முதல் ஆறு கட்டை. இது தொடங்குவதற்கான கணக்கு மட்டுமே. ஜோடிப் பாட்டு என்றால் இரண்டும் நேராக இடிக்கும். பெண் குரலின் அடி சுரம் தெளிவாகக் கேட்கிற, ஆண் குரலின் உச்சம் கத்தலாகாத ஒரு நடுச் சுருதியைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் சரணத்தில் சுருதியை மாற்றுங்கள். டிராக் முழுக்கச் செய்து முடித்த பிறகு சுருதியை மாற்றினால் கருவிகளின் நயம் கெடும், அதனால் இது முதல் நாள் வேலை.

எங்க வீட்டு வளவுல பாடுனா எதிரொலி சூப்பரா இருக்கு. அங்கேயே ரெக்கார்டிங் பண்ணிரலாமா?

பாடுவதற்கு இனிமையாக இருக்கும், பதிவுக்கு ஆகாது. முட்டைப் பூச்சுச் சுவர், ஆத்தங்குடிக் கல், சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி, தேக்குத் தூண் எல்லாமே ஒலியைத் திருப்பி அடிப்பவை. குரலோடு பதிந்துவிட்ட எதிரொலியை அப்புறம் சுத்தமாகப் பிரித்தெடுக்க முடியாது. எதிரொலி இல்லாமல் பதிந்த குரலுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் பின்னால் சேர்க்கலாம்.

வளவை ஒட்டிய அறைகளில் மெத்தை, துணிமணி அடுக்கி வைத்திருக்கிற ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நடுவில் நின்று ஒரு முறை பலமாகக் கை தட்டுங்கள். "டிர்ர்" என்று சுவருக்குச் சுவர் துடிக்கிற ஒலி வந்தால் இன்னும் துணி வேண்டும். தரையில் ஜமுக்காளம் விரியுங்கள். பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் மெத்தையையோ தடித்த கம்பளியையோ தொங்கவிடுங்கள். பலர் மைக்குக்குப் பின்னால் தொங்கவிட்டு ஏமாறுகிறார்கள். கார்டியாய்ட் மைக் முன்பக்கத்தைத்தான் கேட்கும், அது பார்ப்பது பாடகரையும் அவர் பின்னால் இருக்கும் சுவரையும். அறையின் சரி நடுவிலோ மூலையிலோ நிற்க வேண்டாம், பேஸ் ஏறி இறங்கும்.

வளவையும் வீணாக்க வேண்டாம். நடுவில் ஒரு பலூனை வெடித்து, நாலைந்து அடி தள்ளி வைத்த மைக்கில் அந்த ஒலி முழுக்க அடங்கும்வரை பதியுங்கள். அந்த ஃபைலைக் கன்வல்யூஷன் ரிவெர்ப் என்ற எதிரொலி மென்பொருளில் போட்டால், அறையில் பாடிய குரல் உங்கள் வளவில் பாடியதாகவே ஒலிக்கும். குலவையும் கோரஸும் நேரடியாக வளவிலேயே பதியலாம், அவற்றுக்கு அந்த எதிரொலி பொருந்தும்.

மைக் லெவல் எவ்வளவு வைக்கணும்? பின்னாடி ஒரு "ஊ"ன்னு சத்தம் வருது.

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் வேவ் ஃபைலாகப் பதியுங்கள். உச்சத்தில் பாடும்போது மீட்டர் மைனஸ் 10 டெசிபல் அருகில் நிற்கட்டும், மைனஸ் 6ஐத் தாண்ட வேண்டாம். 24 பிட்டில் சன்னமாகப் பதிந்ததைப் பிறகு ஏற்றலாம், முட்டி உடைந்ததைச் சரிசெய்ய முடியாது. மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண், நடுவில் பாப் ஃபில்டர்.

அந்த "ஊ" பெரும்பாலும் மின்சார இரைச்சல். பழைய வீடுகளில் எர்த் சரியாக இருப்பதில்லை. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், போய்விடும். ஃபேன், ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் மூன்றையும் நிறுத்துங்கள். இரவு பதினொரு மணிக்கு மேல் பதிந்தால் புறாச் சத்தமும் இருக்காது.

ஆட்டோடியூன் போட்டா தப்பா?

தப்பில்லை. ஆனால் திருத்தும் வேகத்தைக் கூட்டி வைத்தால் கமகம் எல்லாம் படிக்கட்டாக மாறிவிடும். சுரம் பிசகிய ஒன்றிரண்டு இடத்தை மட்டும் கையால் திருத்துங்கள். பிசகு பத்துக்கு மேல் போனால் இன்னொரு முறை பாடுவதே வேகமான வழி.

நிஜ நாதஸ்வரம், தவில் சேர்க்கணும். எப்படிப் பதியறது?

இந்த வட்டாரத்தின் பெரிய வசதியே இதுதான். கீபோர்டு நாதஸ்வரத்தில் அசைவு வராது, தயவுசெய்து வித்வானைக் கூப்பிடுங்கள். கூப்பிடும் முன் அவர் கருவியின் சுருதியைக் கேளுங்கள். பாரி நாதஸ்வரம் பெரும்பாலும் இரண்டு, இரண்டரைக் கட்டையில் இருக்கும். உங்கள் பாட்டு நாலு கட்டை என்றால் அவர் விரல் அடைத்து வாசிக்க வேண்டி வரும், இயல்பு போய்விடும். நாதஸ்வரம் வேண்டும் என்று முன்பே தெரிந்தால், சுருதி முடிவு செய்யும்போதே இதையும் கணக்கில் எடுங்கள்.

மைக்கை அணசுக்கு (நாதஸ்வரத்தின் அகன்ற வாய்) நேராக வைக்காதீர்கள். ஒலி விரல் துளைகளிலிருந்தும் வருகிறது. நாலு, ஐந்து அடி தள்ளி, கருவியின் நடுப்பகுதியைப் பார்த்து வையுங்கள். மைக்கில் ஒலி அளவைக் குறைக்கும் பேட் பொத்தான் இருந்தால் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் பிடியிலேயே உடையும். தவிலைத் தனியாகப் பதிவது நல்லது, இரண்டு பக்கத்துக்கும் இரண்டு மைக். வித்வானுக்கு ஹெட்போனில் மெட்ரோனோமை விடத் தாளத் தட்டு ஓடினால் வாசிப்பு இயல்பாக வரும்.

ஹெட்போன்ல அருமையா இருக்கு, திருவிழா மைக் செட்டுல போட்டா பேஸே காணோமே?

குழாய் ஸ்பீக்கரில் சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதுவும் வராது. போன் ஸ்பீக்கரிலும் 200க்குக் கீழே பெயருக்குத்தான். உங்கள் டிரம்மும் பேஸும் 50, 60 ஹெர்ட்ஸில் மட்டும் இருந்தால் அங்கே அவை இல்லாமலே போகும். பேஸில் கொஞ்சம் சாச்சுரேஷன் சேர்த்தால் மேல் ஒலிகள் பிறக்கும், காது அடிச் சுரத்தைத் தானாகவே ஊகித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் அதே பேஸ் வரியை ஒரு ஸ்தாயி மேலே மெல்லிதாக இன்னொரு கருவியில் வாசியுங்கள்.

மைக் செட் மோனோ. இடம் வலம் அகலமாகத் தெரிவதற்காகப் போடும் சில எஃபெக்டுகள் மோனோவில் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு கிதாரே காணாமல் போகும். மிக்ஸ் முடிவதற்குள் மோனோ பொத்தானைப் போட்டு ஒரு முறை முழுக்கக் கேளுங்கள். சத்தத்தைப் பொறுத்தவரை மைனஸ் 14 லஃப்ஸ் (சராசரிச் சத்த அளவு), உச்சம் மைனஸ் 1 டெசிபல் என்று முடியுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் யூடியூபும் ஸ்பாட்டிஃபையும் தாங்களே இறக்கிவிடும், நசுங்கிய ஒலி மட்டும்தான் மிச்சம்.

பெரிய வீட்டுல வீடியோ எடுக்கணும். சாவி வச்சிருக்கிறவர் சரின்னுட்டார், போதும்ல?

போதாது. பல வீடுகள் பல புள்ளிகளுக்குப் பொதுவானவை. சாவி வைத்திருப்பவர் பார்த்துக்கொள்பவர்தான். பங்குதாரர்கள் சார்பில் ஒருவர் கையெழுத்திட்ட அனுமதி, தேதி, நேரம், எந்தெந்தக் கட்டு என்ற விவரத்தோடு வேண்டும். பாட்டு வந்த பிறகு வெளிநாட்டில் இருக்கும் பங்காளி ஒருவர் ஆட்சேபித்தால் வீடியோவை இறக்க வேண்டி வரும்.

முட்டைப் பூச்சில் டேப் ஒட்டாதீர்கள், மேல்பூச்சு பெயர்ந்து வந்தால் திரும்பச் செய்யும் கொத்தனார்கள் குறைவு. ஆத்தங்குடிக் கல் சிமெண்டில் செய்தது, விளக்கெண்ணெயும் கலர்ப் பொடியும் உள்ளே இறங்கினால் கறை போகாது. வளவில் உச்சி வெயில் நேராக இறங்கும்போது நடு வெளுத்துச் சுற்றுத் தாழ்வாரம் இருண்டுவிடும். காலை ஒன்பது மணிக்குள் எடுங்கள், அல்லது மூன்றரைக்கு மேல். டியூப் லைட் துடிக்காமல் இருக்க 25 ஃபிரேம், ஷட்டர் ஐம்பதில் ஒன்று.

எங்கள் அபிப்பிராயம் ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். பணம் குறைவு என்றால் வீட்டு வாடகையை விட்டுவிட்டுக் குரல் பதிவுக்கும் மிக்ஸிங்குக்கும் செலவிடுங்கள். வீடு அழகாக வந்து பாட்டு சுமாராக இருந்தால், ஜனங்கள் வீட்டைப் பற்றித்தான் பேசுவார்கள்.

எடிட்டிங்ல பார்த்தா உதடு ஒட்டல. ஏன்?

பெரும்பாலும் மூன்று காரணம். படப்பிடிப்பில் ஓட்டியது பழைய மிக்ஸ், எடிட்டில் போட்டது புதிய வேகம். அல்லது கேமராவில் வழிகாட்டி ஒலியைப் பதியாமல் விட்டிருப்பார்கள். மூன்றாவது இந்த ஊர் வீடுகளுக்கே உரியது. ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ஸ்பீக்கர் முகப்பில், நடிப்பவர் 34 மீட்டர் தள்ளி இரண்டாம் கட்டில் என்றால் பத்தில் ஒரு விநாடி தாமதம், அதாவது இரண்டரை ஃபிரேம். ஸ்பீக்கரை நடிப்பவர் காலடியில் வையுங்கள். ஸ்லோமோஷனில் உதடு அசைய வேண்டுமென்றால் 50 ஃபிரேமில் எடுத்து, அங்கே பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டுங்கள்.

பழைய பாட்டோட பல்லவிய மட்டும் எடுத்துக்கிட்டு சரணம் புதுசாப் போடலாமா? எட்டு செகண்ட் வரைக்கும் ஃப்ரீன்னு சொல்றாங்களே?

எட்டு விநாடிக் கணக்கு எந்தச் சட்டத்திலும் இல்லை. விவரத்தில் "நன்றி" போடுவதாலும் உரிமை வராது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டப்படி வரி, இசை, ஒலிப்பதிவு மூன்றும் தனித்தனி உரிமை. பல்லவியை நீங்களே பாடினாலும் முதல் இரண்டுக்கும் அனுமதி வேண்டும், பழைய பதிவையே வெட்டிப் போட்டால் மூன்றாவதற்கும். கவர் பாடுவதற்கென்று பிரிவு 31சி உண்டு. ஆனால் அசல் பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும், ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கு ராயல்டியை முன்பே கட்ட வேண்டும், உரிமையாளர் சம்மதமில்லாமல் மாற்றவும் கூடாது. புதுச் சரணம் அதில் அடங்காது.

எழுதியவர் மறைந்த ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுகள் வரிக்குக் காப்பு உண்டு. கண்ணதாசன் மறைந்தது 1981, ஆகவே அவர் வரிகளுக்கு 2041 முடியும்வரை. பாரதி, தேவாரம், ஆண்டாள் பாசுரம் தடையில்லை. வயக்காட்டுத் தெம்மாங்கும் அப்படியே, ஆனால் யாரோ ஒருவர் பதிந்து வெளியிட்ட வடிவத்தை அப்படியே எடுக்கக் கூடாது.

நெட்ல ஃப்ரீ பீட் எடுத்தோம், சொந்தமாத்தான் பாடினோம். ஆனாலும் கிளைம் வந்துருச்சு?

அதே பீட்டை இன்னொருவரும் வாங்கித் தம் பாட்டை, ஒரே ஒலி வேறு வீடியோவில் வந்தால் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடியில் பதிந்திருப்பார். பொது உரிமத்தில் கிடைக்கிற பீட் எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் இருக்கும். உரிமச் சான்றை வைத்து மறுப்புத் தெரிவிக்கலாம். இதைத் தவிர்க்க ஒரே வழி, தாளத்தை நீங்களே போடுவது அல்லது தனி உரிமமாக எழுதி வாங்குவது.

நாலு ஃப்ரண்ட்ஸ் சேர்ந்து செஞ்சோம். பாட்டு யாருக்குச் சொந்தம்?

வெளியிடுவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வரி யார், இசை யார், பதிவுக்குப் பணம் போட்டது யார், சேனல் யார் கையில், வருமானம் எத்தனை பங்கு. உரிமையை ஒருவருக்கு எழுதிக் கொடுத்தால் காலமும் இடமும் குறிப்பிடுங்கள். குறிப்பிடாவிட்டால் சட்டப்படி ஐந்து ஆண்டு, இந்தியாவுக்குள் மட்டும் என்றே கொள்ளப்படும். பதிவு கட்டாயமில்லை. வேண்டுமென்றால் வரிக்கும் இசைக்கும் தலா 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாய் கட்டணம்.

வியூஸ் நல்லா வந்துச்சு, காசு வரலையே?

யூடியூப் விளம்பரப் பங்குக்கு 1,000 சந்தாதாரரும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அல்லது 90 நாளில் ஷார்ட்ஸில் ஒரு கோடிப் பார்வை. ஒரே பாட்டு உள்ள புதுச் சேனலுக்கு இது எளிதல்ல. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் கணக்கில் வரும், ஒவ்வொன்றும் 30 விநாடியாவது ஓடியிருக்க வேண்டும். முன்னிசை பற்றி மேலே சொன்னது இதற்கும்தான். எழுதியவரும் இசையமைத்தவரும் ஐ.பி.ஆர்.எஸ். என்ற ராயல்டி வசூல் சங்கத்தில் உறுப்பினரானால் அவர்களுக்கான ராயல்டி தனியாக வரும்.

கமெண்ட்ல "காப்பி"ன்னு எழுதுறாங்க. என்ன பண்றது?

முதலில் உண்மையா என்று பாருங்கள். ஒரே ராகம், ஒரே கார்டு சுற்று, ஒரே தாளம் என்பதெல்லாம் காப்பி இல்லை. சுர வரிசையும் அதன் நீள அளவும் சேர்ந்து ஒத்துப்போனால் அது பிரச்சினை. தத்தகாரத் தாளோடு சுரங்களையும் எழுதி ஒப்பிட்டால் விளங்கிவிடும். வெளியிடும் முன், பழைய பாட்டுகள் நிறையத் தெரிந்த கச்சேரி கீபோர்டு வாசிப்பவர் ஒருவரிடம் மெட்டை மட்டும் வாசித்துக் காட்டுங்கள். எங்கே எதைத் தொடுகிறது என்று அவர் உடனே சொல்லிவிடுவார்.

உள்ளூர்ல பாட்டு பரவ என்ன வழி?

திருவிழா இன்னிசைக் கச்சேரிக் குழுக்களுக்குக் குரலில்லாத டிராக்கும், சுருதியும் கார்டும் எழுதிய ஒரு பக்கத் தாளும் கொடுங்கள். கீபோர்டுக்காரர் உட்கார்ந்து கேட்டு எழுத வேண்டியிருந்தால் பாட்டு மேடை ஏறாது. மைக் செட்காரர்களுக்கு 320 கேபிபிஎஸ் எம்பி3, பாட்டின் பெயரே ஃபைல் பெயராக. ஆங்கில எழுத்தில் பாட்டுப் பெயரை எல்லாத் தளத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள், தேடுபவர்கள் அப்படித்தான் அடிக்கிறார்கள்.

கல்யாண வீட்டுல நம்ம பாட்டப் போடுறாங்க. பணம் கேட்கலாமா? வீடியோ எடுக்கிற அண்ணனுக்கு வேற கிளைம் போயிருக்கு.

திருமண ஊர்வலத்திலும் திருமணத்தோடு சேர்ந்த நிகழ்ச்சிகளிலும் பாட்டு ஒலிப்பதற்குச் சட்டத்தின் பிரிவு 52 விலக்கு அளிக்கிறது, அதனால் வீட்டாரிடம் கேட்க வேண்டாம். அதே பாட்டைப் பின்னணியில் சேர்த்துக் கல்யாண வீடியோவை யூடியூபில் ஏற்றுவது வேறு. அதற்கு அனுமதி வேண்டும், கன்டென்ட் ஐடி பிடிப்பதும் அதைத்தான்.

இந்த வட்டாரத்தில் கல்யாண வீடியோகிராஃபர்களைப் போல ஒரு பாட்டைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர்கள் இல்லை. அவர்களுடைய சேனல் முகவரியை வாங்கி, உங்கள் பாட்டை ஏற்றிய விநியோக நிறுவனத்திடம் விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். பல நிறுவனங்களில் அதற்கென்றே ஒரு படிவம் இருக்கும். எந்தப் பாட்டு, எந்தச் சேனல், எதுவரைக்கும் என்று எழுதிய ஒரு அனுமதிக் கடிதத்தையும் அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.